விமானவியல் பயிலும் தம்பிக்கு



சி. ராஜம் அவர்கள் 1949-இல் குரோம்பேட்டையில் நிறுவிய எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் பயிலும் உனக்கு, காற்றியக்கவியலின்மேல் எழுந்துள்ள மோகத்தை நான் குறைகூற மாட்டேன்; ஆனால் பட்டறையில் இரும்புத் துண்டை அரத்தால் ராவுவதும், பொருள்களின் வலிமையைப் பயில்வதும் யந்திரப் பொறியியலாருக்கே உரியவை, உனக்கு வீண் சிரமம் என்று நீ எழுதியிருப்பதை அங்கீகரிக்க என் மனம் இடம் தரவில்லை.

ஏனென்று கேள்: 1954-ஆம் ஆண்டு ஜனவரியிலும் ஏப்ரலிலும் இத்தாலியை அடுத்த கடலுக்குமேல், காமெட் என்னும் பிரிட்டிஷ் ஜெட் விமானங்கள் இரண்டு நடுவானில் சிதறி, அவற்றில் சென்ற அனைவரும் மாண்டனர். பிரிட்டனின் பார்ன்பரோ விமான ஆராய்ச்சி நிலையத்தார் அதே ரகத்து விமானமொன்றின் உடற்கூட்டை நீர்த்தொட்டியில் அமிழ்த்தி, ஒவ்வொரு பயணத்திலும் அது தாங்கும் உள்ளழுத்தத்தை நீரைக்கொண்டே ஏற்றி இறக்கியபோது, முன்பு பறந்தவற்றையும் சேர்த்து 3,057-ஆவது பயணத்துக்கு ஈடான நிலையில், சாளரத் திறப்பொன்றின் மூலையில் பிளவு கண்டு கூடு கிழிந்தது. தகைவு மூலைகளிலும் துளைகளின் விளிம்பிலும் வந்து குவிய, உலோகம் தன் வலிமைக்குட்பட்ட பாரத்தையே திரும்பத் திரும்பச் சுமந்து களைத்து முறிந்ததென்பது பிரத்தியட்சமாயிற்று.

தரையில் நிற்கும் யந்திரத்துக்குத் தாராளமாகக் கனம் சேர்க்கலாம். விமானத்துக்கோ, எடையின் நிர்ப்பந்தத்தால், எதிர்பார்க்கும் உச்சச் சுமையைப்போல் 1.5 மடங்குதான் பொதுவான காப்பு. ஆகையால் கூரிய மூலையும், அரம் விட்டுச்சென்ற கீறலும் அங்கே அற்ப விஷயங்களல்ல. ராவிய விளிம்பில் விரல் நுனியை ஓட்டி, எங்கே தட்டுகிறதென்று அறிந்த கை, பின்னாளில் வரைபடத்தில் அந்த மூலையை உருட்டாமல் விடாது. பழைய வினாத்தாள்களை மட்டும் உருப்போட்டுத் தேறுபவருக்கு இந்த ஞானம் எப்படி வாய்க்குமோ, எனக்குத் தெரியவில்லை.

உங்கள் ஆய்வுக்கூடத்தில் களைப்புச் சோதனையில் முறிந்த துண்டு ஏதேனும் கிடந்தால் கேட்டு வாங்கி, உருப்பெருக்கியின்கீழ் வைத்துப் பார். பிளவு மெல்ல மெல்ல முன்னேறிய பகுதி வழவழப்பாகவும், இறுதியில் ஒரே கணத்தில் அறுந்த பகுதி சொரசொரப்பாகவும் இருக்கும். எந்தப் புள்ளியில் அது தொடங்கிற்று என்று கண்டுபிடித்து, கையாலேயே வரைந்து அடுத்த கடிதத்தோடு எனக்கு அனுப்பு.

அன்புடன்,
உன் பழைய ஆசிரியன்