கோளாறு இழையிலா, அலையிலா?

'நெட் வரவில்லை' என்று வீட்டில் குரல் எழுந்தவுடன் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? ரூட்டரை அணைத்து, மறுபடி போடுகிறீர்கள். பல சமயம் சரியாகியும் விடுகிறது. ரூட்டர் என்பது ஒரு சிறு கணினி. நினைவகத்தில் சேர்ந்த குழப்பம் நீங்கி, வேலையைப் புதிதாகத் தொடங்குகிறது. அப்படியும் சரியாகாதபோதுதான் நமக்குப் பௌதிகம் தேவைப்படுகிறது.

சென்ற ஆண்டு பக்கத்து வீட்டு மாணவன் ஒருவன் இரவு எட்டு மணிக்கு ஓடி வந்தான். பொறியியல் கலந்தாய்வுக்குக் கல்லூரிகளை இணையத்தில் வரிசைப்படுத்த மறுநாள் மாலையே கடைசி. கைப்பேசியின் டேட்டா தீர்ந்துவிட்டது. "கூடத்தில் வைஃபை கோடுகள் எல்லாம் முழுசா இருக்கு சார், ஆனா ஒரு பக்கமும் திறக்கலை" என்றான்.

இதில் வியப்பில்லை. செய்தி நம்மிடம் இரண்டு கட்டமாக வருகிறது. வெளியிலிருந்து ரூட்டர் வரை கண்ணாடி இழையில் ஒளியாக வரும். ரூட்டரிலிருந்து கைப்பேசிக்கு ரேடியோ அலையாக வரும். கோடுகள் இரண்டாவது கட்டத்தை மட்டுமே அளக்கின்றன. முதற்கட்டம் அறுந்து கிடந்தாலும் அவை முழுதாகவே நிற்கும். ஆகவே கோளாறு எந்தக் கட்டத்தில் என்பதே முதல் கேள்வி.

விடை ரூட்டரின் விளக்குகளிலேயே இருக்கிறது. அவன் வீட்டில் 'எல்.ஓ.எஸ்.' என்ற விளக்கு சிவப்பாக எரிந்தது. ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். பையன் அதற்குள் ஒரு குண்டூசியை எடுத்து, பின்புறம் 'ரீசெட்' என்றிருந்த துளையில் குத்தப் போனான். கையைப் பிடித்து நிறுத்தினேன். அதை அழுத்தினால் இணைப்புக்கான பயனர் பெயர், கடவுச்சொல் எல்லாம் அழிந்துபோகக் கூடும். ஒரு கோளாறு இரண்டாகியிருக்கும்.

அன்று காலைதான் இரும்பு பீரோவை ரூட்டருக்கு முன்னால் நகர்த்தியிருந்தார்கள். பின்னால் எட்டிப் பார்த்தால், இழை வடம் சுவரோடு நசுங்கி மடங்கியிருந்தது. முழு அக எதிரொளிப்பு நினைவிருக்கிறதா? படுகோணம் மாறுநிலைக் கோணத்தை விட அதிகமாக இருக்கும்வரைதான் ஒளி இழைக்குள் நிற்கும். கூர்மையாக மடித்தால் அந்த நிபந்தனை கெட்டு ஒளி வெளியே கசிந்துவிடும். சாதாரண இழையை 3 செ.மீ. ஆரத்துக்கும் குறைவாக வளைக்கக் கூடாது என்பது இதனால்தான். பீரோவை இழுத்து, மடிப்பை நீக்கி, வடத்தை அகலமான வளையமாகச் சுற்றி வைத்தோம். நல்ல வேளை, இழை முறியவில்லை. சற்று நேரத்தில் சிவப்பு அணைந்தது. (வடத்தைக் கழற்றி அதன் நுனியை உற்றுப் பார்க்காதீர்கள்! அதில் வருவது 1490 நானோமீட்டர் லேசர் ஒளி. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணில் நுழையும்.)

கூடத்தில் பக்கங்கள் திறந்தன. கணினி இருந்த உள்ளறையிலோ கோடு ஒன்றுதான். இப்போது கோளாறு அலையில். ஒளியின் வேகமான வினாடிக்கு 30 கோடி மீட்டரை 2.4 கிகா ஹெர்ட்ஸ், அதாவது 240 கோடி அதிர்வெண்ணால் வகுத்துப் பாருங்கள்: அலைநீளம் 12.5 செ.மீ. 5 கிகா ஹெர்ட்ஸுக்கு 6 செ.மீ. தான். ஆளுயர பீரோ இந்த அலைகளுக்கு ஒரு பெரிய கண்ணாடி; மோதியவை திரும்பிவிடும். 5 கிகா ஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் செங்கற்சுவரில் அதிகம் தேய்ந்துவிடும். தூரத்து அறைக்கு 2.4-தான் நல்லது. ரூட்டரை எடுத்து உயரமான அலமாரித் தட்டில், அறைவாசலைப் பார்த்தபடி வைத்து, கணினியை 2.4-க்கு மாற்றினோம். அன்றிரவே அவன் பட்டியலை முடித்துவிட்டான்.

உங்கள் வீட்டில் அலை எங்கே மெலிகிறது என்பதை நீங்களே அளக்கலாம். வைஃபை வலிமையை டெசிபெல் எண்ணாகக் காட்டும் செயலிகள் கைப்பேசிக்கு உண்டு. –50 என்பது நல்ல வலிமை. 10 குறைந்தால் திறன் பத்தில் ஒரு பங்காகும். ஆகவே –80 என்பது அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு. வீட்டின் படம் வரைந்து, ஒவ்வொரு மூலையிலும் எண்ணைக் குறியுங்கள். பிறகு 20 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்றை ரூட்டருக்கும் கைப்பேசிக்கும் நடுவே வையுங்கள். கைப்பேசி கேனை ஒட்டியே இருக்கட்டும். காலிக் கேனுக்கு எவ்வளவு, நிறைந்த கேனுக்கு எவ்வளவு? அடுத்து, கேனை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நீங்களே நின்று பாருங்கள்.