பார்வர்ட் செய்திடும் முன் ஐந்து நிமிடம்

கம்ப்யூட்டர் வாங்கி, இன்டர்நெட் இணைப்பும் பெற்று விட்டீர்கள். வாட்ஸ்அப்பைக் கம்ப்யூட்டர் திரையில் திறக்கவும் கற்றுக் கொண்டு விட்டீர்கள். இனி தினமும் படங்களும் வீடியோக்களும் வந்து விழும். பல காலை வணக்கம் சொல்லும். சில, ஒரு ஊர்க்காரரையோ ஒரு ஜாதியையோ ஒரு மதத்தையோ வெறுக்கச் சொல்லும். இந்த இரண்டாவது வகையை என்ன செய்வது என்பதுதான் இந்த மாதப் பாடம்.

தென்காசிக்கும் குற்றாலத்திற்கும் நடுவில் உள்ள என் வீட்டில் ஞாயிற்றுக் கிழமைகளில் பள்ளி மாணவர்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லித் தருகிறேன். 2023 மார்ச் முதல் வாரம். ஒரு பிளஸ் ஒன் மாணவன் போனை நீட்டினான். "சார், தமிழ்நாட்டில் பீகார்காரர்களை வெட்டுகிறார்களாம்." வீடியோவில் ஒருவரை நடுத்தெருவில் வெட்டுகிறார்கள். அதை அவன் ஏற்கனவே மூன்று குரூப்புகளுக்கு அனுப்பியிருந்தான். சீசன் இல்லாத நாட்களிலும் குற்றாலத்து ஓட்டல்களில் வடமாநில இளைஞர்கள் வேலை செய்கிறார்கள். நான் சாப்பிடும் ஓட்டலில் ரொட்டி போடும் பையன் அன்று காலைதான், வீட்டிலிருந்து அம்மா அழுது கொண்டே போன் செய்ததாகவும், ஊருக்குப் போகப் போவதாகவும் சொல்லியிருந்தான்.

"முதலில் இது எந்த ஊர் என்று பார்ப்போம்" என்று மாணவனை கம்ப்யூட்டர் முன் உட்கார வைத்தேன். அவன் செய்ததை நீங்களும் செய்து பார்க்கலாம்.

படத்தின் பூர்வீகம் தேடும் வழி

1. வாட்ஸ்அப் வெப் பக்கத்தைத் திறந்து, போனில் லிங்க்டு டிவைசஸ் பிரிவு மூலம் இணைத்துக் கொள்ளுங்கள். அனுப்பிய செய்தியின் மேல் "பார்வர்டட்" என்று இருந்தால், அனுப்பியவர் அதை எழுதவில்லை, கடத்தி மட்டும் விட்டிருக்கிறார் என்று பொருள். இரட்டை அம்புக் குறி இருந்தால் அது குறைந்தது ஐந்து கை மாறி வந்த செய்தி. இதுவே முதல் எச்சரிக்கை.

2. வீடியோவை ஓடவிட்டு, முகம், கடைப் பலகை, வண்டி எண் என ஏதாவது தெளிவாகத் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். விண்டோஸ் கீ, ஷிப்ட், எஸ் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் திரை மங்கும். மவுஸால் தேவையான பகுதியைச் சுற்றி இழுத்து, அந்தப் படத்தை சேவ் செய்திடுங்கள்.

3. பிரவுசரில் கூகுள் இமேஜஸ் பக்கத்திற்குச் செல்லுங்கள். தேடல் கட்டத்தில் உள்ள கேமரா படத்தில் கிளிக் செய்து, சேவ் செய்த படத்தை இழுத்து விடுங்கள். அதே படம் வேறு எங்கெல்லாம் வந்துள்ளது என்று பட்டியல் கிடைக்கும். முதல் படத்திற்கு விடை கிடைக்காவிட்டால் வேறு இடத்தில் நிறுத்தி இன்னொரு படம் எடுத்துத் தேடுங்கள்.

4. பட்டியலில் மிகப் பழைய தேதி உள்ள பக்கத்தைத் திறந்து படியுங்கள். "நேற்று நடந்தது" என்று வந்த படம் போன வருடப் பக்கத்தில் இருந்தால், விஷயம் அங்கேயே முடிந்தது.

5. வண்டி எண்ணைப் பாருங்கள். தென்காசி என்றால் டி.என். 76. பலகையின் மொழி, போலீஸ் சீருடை, பஸ்ஸின் நிறம் ஆகியவையும் ஊரைக் காட்டிக் கொடுக்கும்.

6. கடைசியாக, சம்பவத்தை நான்கைந்து சொற்களில் டைப் செய்து தேடுங்கள். ஆல்ட் நியூஸ், பூம், தமிழில் யூடர்ன் போன்ற உண்மை சரிபார்ப்புத் தளங்கள் ஏற்கனவே ஆராய்ந்திருக்கலாம்.

மாணவனுக்கு மூன்றாவது படியிலேயே விடை கிடைத்தது. அது 2023 பிப்ரவரியில் ராஜஸ்தானின் ஜோத்பூரில் ஒரு வழக்கறிஞர் கொல்லப்பட்ட காட்சி. தமிழ்நாட்டிற்கும் அதற்கும் தொடர்பே இல்லை. அந்த வாரம் பரவிய வேறு இரண்டு வீடியோக்கள் பற்றி அப்போதைய தமிழக டி.ஜி.பி. விளக்கம் தந்தார். ஒன்று, திருப்பூரில் பீகார் தொழிலாளர்கள் தங்களுக்குள் மோதிக் கொண்டது. மற்றொன்று கோவையில் உள்ளூர்க்காரர்கள் இடையே நடந்தது. ஹோலிப் பண்டிகைக்கு ஊருக்குச் சென்ற ரயில் கூட்டத்தையும் "உயிருக்குப் பயந்து ஓடுகிறார்கள்" என்று பரப்பினார்கள். பீகார் அரசு நான்கு பேர் குழுவை இங்கு அனுப்பி நேரில் விசாரிக்கும் அளவிற்கு விஷயம் போனது.

மாணவன் தான் அனுப்பிய மூன்று குரூப்புகளிலும், "நான் அனுப்பியது ஜோத்பூர் வீடியோ, தவறாக அனுப்பி விட்டேன்" என்று எழுதினான். பிறகு இருவரும் ஓட்டலுக்குப் போய், அந்த ராஜஸ்தான் செய்திப் பக்கத்தை ரொட்டி போடும் பையனுக்குக் காட்டினோம். அவன் அதே லிங்க்கைத் தன் அம்மாவிற்கு அனுப்பினான். அவன் ஊருக்குப் போகவில்லை.

நான் செய்த தவறு

மாணவனைத் திட்ட எனக்கு உரிமை இல்லை. 2018ல், வடமாநிலக் கும்பல் குழந்தை கடத்த வந்திருக்கிறது என்று ஒரு ஆடியோ வந்தது. "எதற்கும் எச்சரிக்கையாக இருக்கட்டும்" என்று நானும் உறவினர்களுக்கு அனுப்பினேன். அந்த மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே குலதெய்வக் கோவிலுக்கு வழி தேடிச் சென்ற குடும்பத்தைக் கூட்டம் அடித்தது. காரிலிருந்த மூதாட்டி இறந்தார். அவர் செய்தது, அங்கிருந்த குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தது மட்டும்தான். அதே ஆண்டு ஜூலையில் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் பார்வர்ட் செய்ய முடியாதபடி மாற்றியது. 2020 ஏப்ரலில், பலமுறை கை மாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஒருவருக்கு மட்டுமே அனுப்பலாம் என்றும் ஆக்கியது. ஆனால் ஐந்து பேருக்கு அனுப்புவதா வேண்டாமா என்பது இன்னும் நம் விரலில்தான் இருக்கிறது.

எங்கள் ஊருக்கு இந்தப் பாடம் புதிதல்ல. 2007 ஆகஸ்டில் தென்காசியில் நடந்த மோதலில் ஆறு பேர் கொல்லப்பட்டனர். 2008 ஜனவரி 24 அன்று இங்குள்ள ஆர்.எஸ்.எஸ். அலுவலகத்தில் பைப் குண்டுகள் வெடித்தன. யார் செய்தது என்று பலரும் உடனே தீர்ப்பு எழுதி விட்டார்கள். சில நாட்களில் போலீசார் கைது செய்ததோ இந்து அமைப்புத் தொடர்புடையவர்களை. அன்று ஊர் பொறுமையாக இருந்ததால் இன்னொரு மோதல் நடக்கவில்லை. இன்றைக்கு அப்படி நடந்தால், போலீசார் விசாரித்து முடிக்கும் முன் எத்தனை குரூப்புகளில் "தீர்ப்பு" சுற்றியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

வீடியோ உண்மை என்றால்?

சோதித்தால் எல்லாம் பொய் என்று வந்து விடாது. 2022 செப்டம்பரில் தென்காசி மாவட்டம் பாஞ்சாகுளத்தில், பட்டியல் இனச் சிறுவர்களுக்குத் தின்பண்டம் தர மறுத்த கடைக்காரர், அதைத் தானே வீடியோ எடுத்துப் பரப்பினார். அது உண்மை. அவர் கைது செய்யப்பட்டார், கடைக்கு சீல் வைக்கப்பட்டது. இப்படி ஒன்று வந்தால் காப்பியை சேவ் செய்து போலீசிடம் கொடுங்கள். குழந்தைகளின் முகம் தெரிய ஊரெல்லாம் பரப்பாதீர்கள். அவமானப்படுத்தியவரின் வேலையை நாமும் சேர்ந்து செய்தது போல ஆகிவிடும். பிரிவுகளுக்கு இடையே பகைமை வளர்ப்பது, 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 196ஆம் பிரிவின் கீழ் மூன்று ஆண்டு வரை சிறை கிடைக்கக் கூடிய குற்றம் என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்.

ஒரே மவுஸ், இரண்டு பேர்

அதன் பிறகு என் வகுப்பில் ஒரு மாற்றம் செய்தேன். வேறு வேறு தெருக்களிலிருந்து வரும் இருவரை ஒரே கம்ப்யூட்டரில் உட்கார வைக்கிறேன். இரண்டு பொய்ச் செய்திகள் தருவேன். ஒன்று முதலாமவனின் ஆட்களைத் திட்டுவது, மற்றது இரண்டாமவனின் ஆட்களைத் திட்டுவது. ஒவ்வொரு முறையும் ஒரே கதைதான் நடக்கும். தன் ஆட்களைப் பற்றிய செய்தியை அவன் ஆறு படிகளிலும் சோதிப்பான். அடுத்தவனைப் பற்றியதை, "இருக்கும் சார்" என்று விட்டு விடுவான். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் முகத்தைப் பார்த்ததும்தான் மவுஸ் மீண்டும் நகரும். இதை எந்த சாப்ட்வேரும் கற்றுத் தராது.

அமெரிக்க உளவியல் அறிஞர் கார்டன் ஆல்போர்ட் 1954ல் இதற்கு விளக்கம் சொன்னார். இரண்டு பிரிவினர் சும்மா சந்தித்தால் போதாது. இருவரும் சமமாக இருக்க வேண்டும், பொதுவான குறிக்கோள் வேண்டும், சேர்ந்து வேலை செய்ய வேண்டும், பெரியவர்களின் ஆதரவும் வேண்டும். அப்போதுதான் தப்பெண்ணம் குறையும்.

நம் பக்கத்தில் இதன் அவசரம் தெரிந்ததுதான். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியல் இன மாணவரையும் அவர் தங்கையையும், பள்ளியில் உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. ஜாதியைக் காட்டும் கைக் கயிறுகளுக்குத் தடை, பள்ளிப் பெயர்களிலிருந்து ஜாதியை நீக்குதல், எல்லாப் பிரிவு மாணவர்களும் சேர்ந்த சமூக நீதி மாணவர் படை ஆகியவை அதன் பரிந்துரைகளில் சில.

உறவினருக்கு எப்படிச் சொல்வது?

பெரியப்பா பொய்ச் செய்தி அனுப்பினால் குரூப்பில் வைத்து மட்டம் தட்டாதீர்கள். தனியாக, "பெரியப்பா, இது பழைய படம், இந்த லிங்க்கைப் பாருங்கள்" என்று எழுதுங்கள். பொய்ப் படத்தை மீண்டும் அனுப்பாதீர்கள். அது இன்னொரு சுற்று கிளம்பி விடும். உண்மையை முதல் வரியில் வையுங்கள். உங்களுக்கு விடை கிடைக்கவில்லை என்றால், "உறுதி செய்ய முடியவில்லை, அனுப்ப வேண்டாம்" என்று சொன்னாலே போதும்.

வீட்டுப் பயிற்சி: இன்று உங்களுக்கு வந்த பார்வர்ட் செய்திகளில் உங்களுக்குக் கோபம் வரவைத்த ஒன்றை எடுத்துக் கொள்ளுங்கள். வீட்டுப் பிள்ளையையும், முடிந்தால் பக்கத்துத் தெருப் பிள்ளையையும் அழைத்து, மேலே சொன்ன ஆறு படிகளையும் சேர்ந்து செய்து பாருங்கள். மவுஸை அவர்களிடம் கொடுங்கள்.