பானை விற்று நிலைத்த வார்ப்பாலை

ஒரு வியாபாரம் தகப்பனிடமிருந்து மகனுக்குச் சேதமின்றிக் கைமாறுவதே பெரும்பாடு. இங்கிலாந்தின் ஷ்ரொப்ஷயர் பகுதியில், கோல்புரூக்டேல் என்னும் பள்ளத்தாக்கில் 1709இல் தொடங்கிய இரும்பு வார்ப்புத் தொழில் 2017 வரை நடந்திருக்கிறது. கற்கரியைக் கொண்டு இரும்பை உருக்கிக் கைத்தொழில் புரட்சிக்கு வழிதிறந்த இடம் என்று பாடப்புத்தகங்கள் இதைச் சொல்லும். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அங்கே என்ன பொருள் விற்றார்கள் என்பதுதான்.

ஸ்தாபகர் ஏப்ரஹாம் டார்பி 1678இல் பிறந்தவர். பர்மிங்ஹாமில் மோல்ற் அரைக்கும் ஆலைகள் செய்யும் ஒருவரிடம் தொழில் பழகினார். மோல்ற் உலர்த்துவோர் கற்கரி எரிப்பது வழக்கம். பிறகு பிரிஸ்டல் நகருக்குச் சென்று பித்தளை வியாபாரத்தில் பங்காளியானார். பித்தளைப் பானை விலை கூடியது. ஏழை வீடுகளுக்கு எட்டாது. அதையே இரும்பில், மெல்லியதாக வார்த்தால் என்ன? களிமண் அச்சு வேண்டாம், மணல் மட்டும் போதும் என்ற முறைக்கு 1707இல் காப்புரிமை பெற்றார். அந்தப் பரிசோதனைகளில் உடன் உழைத்தவர் ஜோன் தோமஸ் என்ற இளம் வேலையாள்.

பிரிஸ்டல் பங்காளிகள் இதில் பணம் போடத் தயங்கினார்கள். டார்பி பிரிந்து வந்து, 1708இல் கோல்புரூக்டேலில் பாழடைந்து கிடந்த ஊது உலை ஒன்றைக் குத்தகைக்கு எடுத்தார். பக்கத்தில் கந்தகம் குறைந்த நிலக்கரி. சரக்கை ஏற்றிச் செல்ல செவேர்ன் நதி. 1709 ஜனவரியில் உலை மூட்டப்பட்டது.

இந்த இடத்தில் சற்று நிதானிக்க வேண்டும். கற்கரி உருக்கு அத்தனை பெரிய கண்டுபிடிப்பாயின் மற்ற உலைக்காரர்கள் உடனே அதைப் பின்பற்றியிருப்பார்களே! ஏறத்தாழ 40 வருடங்கள் பெரும்பாலானோர் அந்தப் பக்கமே வரவில்லை. அவர்கள் முட்டாள்களும் அல்லர். அக்காலத்தில் இரும்பின் பெரிய சந்தை கொல்லர்கள் அடித்து வேலை செய்யும் கம்பி இரும்புதான். கற்கரியில் உருக்கிய இரும்பில் சிலிக்கன் கூடுதல். அதைக் கம்பி இரும்பாகச் சுத்திகரிக்க அதிக செலவும் சேதாரமும் ஏற்படும். ஆனால் அதே சிலிக்கன் உருகிய இரும்பை நன்றாக ஓடச் செய்யும். மெல்லிய பானையின் அச்சுக்குள் மூலை முடுக்கெல்லாம் போய் நிரம்பும். கொல்லனுக்குக் குறையாகப் பட்டது பானைக்காரருக்கு வசதியாயிற்று. மலிவான எரிபொருள், மெல்லிய வார்ப்பு, எல்லா வீட்டுக்கும் தேவையான பண்டம் — மூன்றும் ஒரே கையில் சேர்ந்ததால்தான் டார்பிக்குக் கட்டுப்படியானது. தொழில்நுட்பத்தை மட்டும் பார்த்து இறங்கியிருந்தால் அவரும் கடையை மூடியிருப்பார் என்பது என் அபிப்பிராயம்.

1717இல் அவர் நாற்பது வயதை எட்டுமுன்னரே இறந்தார். சில மாதங்களில் மனைவியும் காலமானார். மூத்த மகனுக்கு வயது ஆறு. ஆலையோ கடனில், பிரிஸ்டல் வணிகர் தோமஸ் கோல்ட்னியிடம் அடகில் இருந்தது. நிர்வாகம் அவரிடமும் டார்பியின் மருமகன் ரிச்சர்ட் ஃபோர்டிடமும் போயிற்று. உறவினர் ஒருவர் தலையிட்டுப் பிள்ளைகளுக்காகச் சில பங்குகளை மீட்டிருக்காவிட்டால், டார்பி என்ற பெயர் அத்துடன் முடிந்திருக்கும். நம்மூர்க் கடைத்தெருக்களிலும் இந்தக் கதை தெரியாததல்ல.

ஆலை நிற்கவில்லை. 1720களில் நியூகொமன் நீராவி இயந்திரங்களுக்கான உருளைகளை இரும்பில் வார்த்தார்கள்; முன்பு அவை பித்தளையில் செய்யப்பட்டவை. வளர்ந்து பொறுப்பேற்ற மகன் 1750களில் கம்பி இரும்புக்கும் ஏற்ற கற்கரி இரும்பை உருக்கிக் காட்டினார். மற்றவர்கள் கற்கரிக்கு மாறியது அதன் பிறகுதான்.

பேரன், மூன்றாம் ஏப்ரஹாம் டார்பி, 1779இல் செவேர்ன் நதியின் குறுக்கே சுமார் 378 தொன் இரும்பில் பாலம் அமைத்தார். உலகின் முதற்பெரும் இரும்புப் பாலம் அது. 1781 ஜனவரி முதலாம் திகதி போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. பெயர் எங்கும் பரவியது. ஆனால் செலவு மதிப்பீட்டைத் தாண்டி, மேலதிகச் சுமை அவர் தலையில் விழுந்தது. 1789இல் மரணிக்கும் வரை அந்தக் கடன் அவரை விடவில்லை.

பின்னாட்களில் அலங்கார வேலிகள், வாயிற்கதவுகள், அடுப்புகள் என்று பொருள்கள் மாறின. 1851 லண்டன் மகா கண்காட்சிக்கு இவர்கள் வார்த்த வாயிற்கதவுகள் இன்றும் அந்நகரில் நிற்கின்றன. உரிமையும் டார்பி குடும்பத்தை விட்டுப் போயிற்று. 20ஆம் நூற்றாண்டில் 'ஆகா' சமையலடுப்புகளின் பாகங்களை வார்த்தார்கள். பானையில் தொடங்கிய தொழில் மறுபடியும் சமையலறைக்கே வந்தது. 2015இல் அடுப்புக் கம்பனியை அமெரிக்காவின் மிடில்பி நிறுவனம் வாங்கியது. 2017 நவம்பரில் வார்ப்பாலை மூடப்பட்டது.

முதல் டார்பி குத்தகைக்கு எடுத்த உலை மண்ணுக்குள் புதைந்து கிடந்தது. ஆலையின் அன்றைய உரிமையாளர்கள் 250ஆவது ஆண்டு நிறைவையொட்டி 1959இல் அதைத் தோண்டியெடுத்தார்கள். இப்போது அது அருங்காட்சியகத்தின் ஒரு பகுதி. மேலே கூரை போட்டுப் பாதுகாக்கிறார்கள்.