உலகம் சுற்றிய தமிழர்

மாந்தர் வாழ்நாள் எல்லையுடையது. காணத்தக்க உலகமோ மிகப் பரந்தது. ஆதலின், இறப்பதற்குள் எவற்றைக் காணவேண்டும், எவற்றைச் செய்து முடிக்கவேண்டும் என்னும் வினா உள்ளத்தில் எழுதல் இயல்பே. மலையேறுதலும் கடல் கடத்தலும் இன்பம் பயப்பனவே. எனினும், கண்ட ஊர்களை எண்ணிக் கணக்கிடுவதனால் மட்டும் ஒருவரது பயணம் பயனுடையதாகாது. உயர்ந்த நோக்கமொன்று அதற்கு வேண்டும். இவ்வுண்மையை வாழ்ந்து காட்டியவர் ஏ. கே. செட்டியார்.

இவர் 1911ஆம் ஆண்டில் செட்டிநாட்டைச் சேர்ந்த கோட்டையூரில் பிறந்தார். இளமையிலேயே எழுத்துப்பணியில் ஈடுபட்டு, இரங்கூனில் 'தனவணிகன்' என்னும் இதழின் ஆசிரியராக விளங்கினார். பின்னர் ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் சென்று புகைப்படக் கலையைப் பயின்றார்.

1937ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், நியூயார்க்கிலிருந்து டப்ளின் நகர் நோக்கிச் சென்ற கப்பலில் செட்டியார் இருந்தார். அது காந்தியடிகள் பிறந்த நாள். அடிகளின் வாழ்க்கையைத் திரைப்படமாகத் தொகுக்கவேண்டும் என்னும் எண்ணம் அன்று அவர் உள்ளத்தில் தோன்றியது. அப்போது அவருக்கு 26 வயதும் நிரம்பவில்லை.

எண்ணுதல் எளிது, முடித்தலே அரிது. அடிகளைப் பல நாட்டுப் படப்பிடிப்பாளர்கள் பல காலங்களில் படம் பிடித்திருந்தனர். அப்படச் சுருள்கள் பல இடங்களில் சிதறிக் கிடந்தன. அக்காலத்துச் சுருள் எளிதில் தீப்பற்றும். நாளடைவில் சிதைந்தும் போகும். அடிகளுடன் பழகியவர்களோ முதுமை எய்திக்கொண்டிருந்தனர். காலந்தாழ்த்தின், படமும் மறையும். கண்டு சொல்வாரும் மறைவர். இதனை உணர்ந்த செட்டியார் நான்கு கண்டங்களில் அலைந்தார். அடிகள் அறப்போர் தொடங்கிய தென்னாப்பிரிக்காவுக்கும் சென்றார். ஏறத்தாழ 100 படப்பிடிப்பாளர்கள் 30 ஆண்டுகளில் எடுத்த 50,000 அடி நீளமுள்ள படங்களை அவர் திரட்டினார். அவற்றிலிருந்து தேர்ந்து தொகுத்த படம் 1940ஆம் ஆண்டில் சென்னையில் வெளியாயிற்று.

இத்துணை அரிய செயலைச் செய்தும் அவர் தம்மை முன்னிறுத்திக்கொண்டதில்லை. 1943ஆம் ஆண்டில் 'குமரி மலர்' என்னும் இதழைத் தொடங்கிப் பல்லாண்டுகள் நடத்தினார். பயண நூல்கள் பல எழுதினார். 1983ஆம் ஆண்டில் அவர் மறைந்தார்.

இத்தகைய முயற்சிக்குக் கப்பல் ஏறவேண்டும் என்பதில்லை. பூந்தமல்லியை அடுத்த சென்னீர்க்குப்பத்தில் வாழும் மாணவன் ஒருவனை எண்ணிப் பாருங்கள். திருக்கச்சி நம்பிகள் பிறந்த பூந்தமல்லி அவனுக்கு அண்மையிலேயே உள்ளது. சேக்கிழார் பிறந்த குன்றத்தூரும் தொலைவில் இல்லை. ஒரு விடுமுறை நாளில் அவ்வூர்களைக் கண்டு வரலாம். தொழிற்சாலைகளும் மாடி வீடுகளும் பெருகுவதற்கு முன் சுற்றுப்புறம் எவ்வாறிருந்தது என்பதைத் தன் ஊர் முதியோரிடம் கேட்டு எழுதி வைக்கலாம். ஏரி எதுவரை பரந்திருந்தது, வயல்களில் என்ன விளைந்தது, பெருமழையில் நீர் எவ்வழியே ஓடிற்று என்பனவற்றை அவர்களே அறிவர். அவர்களும் என்றும் இருப்பவர் அல்லர்.

நாம் மறைவதற்குள் செய்யவேண்டியவை பல. அவற்றுள்ளும், பிறர் மறைவதற்குள் நாம் செய்யவேண்டியவை முற்பட வேண்டும். செட்டியார் கப்பலில் எண்ணியதைக் கரைசேர்ந்ததும் மறந்திருப்பின், அப்படம் உருப்பெற்றிராது. நல்ல எண்ணம் தோன்றும் நாளே அதனைத் தொடங்குதற்கு உரிய நாளாகும்.