தலைப்பிரசவத்துக்குக் காத்திருக்கும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

ஆவடியில் அம்மா வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டேன், வளைகாப்பு வளையல் இன்னும் கையில் குலுங்குகிறது என்று எழுதியிருந்தாய். மகிழ்ச்சி. கடிதம் முழுக்கத் தொட்டில் சேலை, பெயர் ராசி, எண் கணிதம். கடைசி வரியில் மட்டும், "வலி வந்தா எப்படிக்கா தெரியும், எப்போ கிளம்பணும்?" முதலில் கேட்க வேண்டியதைக் கடைசியில் கேட்பது உன் பள்ளிக்கூடத்துப் பழக்கம். போகட்டும், கேட்டாயே.

ஒன்பதாம் மாதத்தில் வயிறு அவ்வப்போது கல்லாக இறுகும், பிறகு தளரும். கொஞ்சம் நடந்தால், தண்ணீர் குடித்து ஒருக்களித்துப் படுத்தால் அடங்கிவிடும். பாட்டி அதைச் சூட்டு வலி என்று சொல்லிச் சீரகக் கஷாயம் வைத்துத் தருவார். குடி, தப்பில்லை. நிஜ வலி எந்தக் கஷாயத்துக்கும் அடங்காது. பின் இடுப்பில் கிளம்பி முன்வயிற்றுக்குச் சுற்றிவரும். இடைவெளி குறைந்துகொண்டே போகும், ஒவ்வொரு வலியும் முன்னதைவிட நீளும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் என்று ஒரு மணி நேரம் தொடர்ந்தால் கிளம்ப வேண்டும். தலைப்பிரசவத்துக்குச் சொல்லும் கணக்கு இது. ஆனால் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிஃப்ட் விடும் நேரத்தில் சி.டி.எச். ரோட்டை நீயே பார்த்திருக்கிறாய். அதற்கு முன்பே கிளம்பிவிடு. பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் பட்டாலோ, பிள்ளை அசைவது குறைந்தாலோ, தலைவலியோடு கண் மங்கினாலோ, வலியே இல்லாவிட்டாலும் அந்த நிமிடமே போக வேண்டும்.

நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும். நள்ளிரவில் யாரையும் எழுப்ப மனசு வராமல், விடியட்டும் என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாய். அந்த நல்ல குணத்தை வேறு நாளைக்கு வைத்துக்கொள். வீட்டில் ஒருவரை எழுப்பி, 108-ஐக் கூப்பிட்டு, பிரசவ வலி என்று சொல்லி, வீடு தண்டவாளத்துக்கு எந்தப் பக்கம் என்று முதலிலேயே தெளிவாகச் சொல்லச் சொல். நம் ஊரில் அந்த ஒரு விவரம் தவறினாலே கால் மணி நேரம் வீணாகும். ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி மூன்றிலும் அரசு மருத்துவமனை இருக்கிறது. அங்கிருந்து கீழ்ப்பாக்கத்துக்கோ எழும்பூருக்கோ அனுப்பினால், "ஐயோ, கேஸ் கெட்டுப்போச்சு" என்று வீட்டில் ஒப்பாரி வைக்க வேண்டாம். எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை 1844-இல் தொடங்கியது. சிக்கலான பிரசவங்களையே தலைமுறை தலைமுறையாகப் பார்த்த கைகள் அங்கே இருக்கின்றன.

தாய் சேய் அட்டை, ஸ்கேன், ரத்தப் பரிசோதனைச் சீட்டு எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும். கர்ப்பத்தைப் பதிந்தபோது கொடுத்த பிக்மி நம்பரை அதன் மேலேயே எழுதி வை. அது இல்லாவிட்டால் பின்னால் பிறப்புச் சான்றிதழுக்கு அலைய வேண்டிவரும். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவிக்கும் அதே எண்தான்.

இனி முக்கியமான விஷயம். உள்ளே உன்னோடு யார் வரப்போகிறார்கள்? அரசு மருத்துவமனைப் பிரசவ அறைக்குள் ஒரு பெண் துணையை அனுமதிக்கும் வழக்கத்தைத் தமிழ்நாடு 2004-லேயே கொண்டுவந்தது. பிள்ளை பெற்ற அனுபவம் உள்ளவராக இருந்தால் நல்லது. நீ இதை மரியாதை வரிசைப்படி முடிவு செய்வாய் என்பதுதான் என் பயம். "மாமியாரைக் கூப்பிடலைன்னா கோவிச்சுப்பாங்கக்கா" என்பாய். மாமியாரே நிதானமானவர் என்றால் தாராளமாகக் கூட்டிப்போ. உன் முகம் கோணினால் தானும் அழுதுவிடுகிற பெரியம்மா வேண்டாம். பக்கத்துக் கட்டிலோடு உன்னை ஒப்பிடுகிறவரும் வேண்டாம். முதுகை அழுத்தித் தேய்த்துவிட்டு, ஒரு வாய் தண்ணீர் கொடுத்து, "இன்னும் கொஞ்ச நேரம்தான்" என்று அலுக்காமல் சொல்லக்கூடிய ஒருத்தி போதும். உன் வீட்டுக்காரர் வெளியே நிற்க வேண்டியிருக்கும். ஃபைல், மருந்துச் சீட்டு, ரத்தம் தேவைப்பட்டால் ஆள் பிடிப்பது எல்லாம் அவர் பொறுப்பு என்று இப்போதே சொல்லிவிடு. வேலை கொடுத்தால் ஆண்கள் பதறாமல் நிற்பார்கள்.

வலிக்கும். எவ்வளவு என்று கேட்காதே, சொல்லிப் புரியவைக்க முடியாது. முதல் பிள்ளைக்கு, கருப்பை வாய் ஐந்து சென்டிமீட்டர் திறந்த பிறகே பன்னிரண்டு மணி நேரம் வரை ஆகலாம். மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறந்தாக வேண்டும் என்ற பழைய கணக்கை மட்டும் வைத்து அவசரப்பட வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனமே 2018-இல் சொல்லிவிட்டது. அதனால் நேரமாகிறதே என்று உன்னையே நொந்துகொள்ளாதே. கத்தத் தோன்றினால் கத்து. யாராவது அதட்டினால், அந்தப் பேச்சைக் காதில் வாங்காமல் மூச்சைக் கவனி.

ஆபரேஷன் என்று சொன்னால்? ஏன் என்று கேள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூறு பிரசவத்தில் சுமார் 45 அறுவை சிகிச்சை. தனியாரில் மட்டும் பார்த்தால் 64. காரணத்தைக் கேட்க வேண்டிய எண்ணிக்கைதான் இது. சொல்லும் காரணம் பிள்ளையின் நாடித்துடிப்பாகவோ உன் ரத்த அழுத்தமாகவோ இருந்தால் உடனே கையெழுத்துப் போடு. பிறகு எவளாவது வந்து, "நாங்கல்லாம் வீட்லயே பெத்தோம்" என்று பெருமை பேசினால், காபி கொடுத்து அனுப்பிவிடு.

பிள்ளை பிறந்ததும் முதல் ஒரு மணி நேரத்துக்குள் மார்பில் போடச் சொல். சீம்பால் போதும். சர்க்கரைத் தண்ணீரும் வேண்டாம், தெருவில் வரும் கழுதைப் பாலும் வேண்டாம். மூன்றாம் நாள்வரை பால் கொஞ்சமாகத்தான் சுரக்கும், பிள்ளையின் எடையும் சற்றுக் குறையும். அதற்குள் யாராவது "பால் பத்தலை" என்று டின்னோடு வருவார்கள். ஐந்தாம் நாளிலிருந்து ஒரு நாளைக்கு ஆறு முறையாவது பிள்ளை ஒண்ணுக்குப் போனால் பால் போதுகிறது என்று அர்த்தம். சந்தேகம் இருந்தால் நர்ஸிடம் கேள், டின்காரர்களிடம் கேட்காதே.

நீ கேட்காத ஒன்றுக்காகத்தான் இந்தக் கடிதத்தை இவ்வளவு நீட்டினேன். பிள்ளை வெளியே வந்ததும் எல்லார் கண்ணும் அதன் மேல் போய்விடும், உன்னை மறந்துவிடுவார்கள். தாய்க்கு ஆபத்தான மணி நேரங்களும் அப்போதுதான் தொடங்குகின்றன. 2018-20 கணக்கில் தமிழ்நாட்டில் உயிரோடு பிறந்த ஒரு லட்சம் பிள்ளைகளுக்கு 54 தாய்மார் என்ற கணக்கில் இறந்தார்கள். இந்தியா முழுக்கப் பார்த்தால் 97. நாம் எவ்வளவோ தேவலை, ஆனாலும் அந்த 54 பேரும் யாரோ ஒரு வீட்டுப் பெண்கள். ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேட் முழுக்க நனைந்தால், காய்ச்சலோ நாற்றமோ இருந்தால், கெண்டைக்கால் வீங்கி வலித்தால், "பச்சை உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று யார் சொன்னாலும் கேட்காதே. தண்ணீர் குடித்தால் வயிறு பெருக்கும் என்று செம்பைப் பிடுங்கினாலும் விடாதே. பால் கொடுக்கிறவள் தாகத்தோடு இருக்கக் கூடாது. பூண்டுக் குழம்பு, பால் சுறாப் புட்டு எல்லாம் வயிறாரச் சாப்பிடு.

இன்னொன்று. பிள்ளையைப் பார்த்த நொடியே அன்பு பொங்கும் என்று சினிமா பார்த்து நம்பியிருப்பாய். பலருக்கு அது சில நாள் கழித்துத்தான் வரும், அதனால் நீ கல் நெஞ்சக்காரி ஆகிவிட மாட்டாய். மூன்றாம், நான்காம் நாளில் காரணமில்லாமல் அழுகை வரும். இரண்டு வாரத்தில் தெளிந்துவிடும். தெளியாவிட்டால், தூக்கம் வராமல், பிள்ளையைத் தூக்கவே பயமாக இருந்தால், டாக்டரிடம் சொல், அல்லது மனநல உதவி எண் 14416-க்குப் பேசு. திருஷ்டி என்று சுற்றிப்போடுவது போடட்டும், நீ அதோடு நிறுத்திவிடாதே.

பெயர் முடிவாகவில்லை என்று பிறப்புப் பதிவைத் தள்ளிப்போடாதே. 21 நாளுக்குள் பதிந்துவிட்டால், பெயரை ஒரு வருஷத்துக்குள் கட்டணம் இல்லாமல் சேர்க்கலாம். எண் கணிதத்துக்கு அவ்வளவு நேரம் போதுமே? துணைக்கு யார் என்பதை மட்டும் இன்றைக்கே முடிவு செய்து, அவளிடம் சொல்லிவிட்டு எனக்குப் பதில் எழுது.

அன்புடன்,
அக்கா