விலை தேயும், பழுது தேயாது

பழைய சொகுசுக் கார் வாங்கலாமா? படிப்பை முடித்துப் பெங்களூரிலேயே வேலையில் அமர்ந்த நம் நண்பரிடையே இக்கேள்வி அடிக்கடி எழுகிறது. புதிதில் 40 லட்சத்துக்கு விற்ற விரைவுச் செடான், பத்தாண்டு கழியுமுன் 10 லட்சத்துக்கும் குறைவாகக் கிடைக்கிறது. அத்தொகைக்குப் புதிதாக வாங்கினால் சிறிய கார்தான் வரும். பின் ஏன் தயங்க வேண்டும்? அதனைச் சிறிது ஆராய்வோம்.

சென்ற மாதம் என் ஊர் நண்பர் ஒருவர் இத்தகைய கார் ஒன்றைப் பார்க்க என்னை அழைத்துச் சென்றார். அவருக்கும் சேலம், எலக்ட்ரானிக் சிட்டியில் பணி. ஊரில் வீட்டுக்கு மாடி எழுப்பவெனச் சேர்த்த 6 லட்சம் கையில் இருந்தது. மீதிக்குக் கடன் வாங்குவதாக எண்ணம். "நீ பௌதிகம் படிப்பவன், பார்த்துச் சொல்" என்றார். பொங்கலுக்கு அந்தக் காரில் தொப்பூர்க் கணவாயைக் கடந்து வீட்டு வாசலில் இறங்கும் ஆசை எனக்கும் இருந்தது, மறைப்பானேன்? அது எந்த நிறுவனத்தின் கார் என்பது இங்கு வேண்டியதில்லை. வயது ஒன்பது, ஓடியது 60,000 கிலோமீட்டர், முதல் விலை 40 லட்சம், இப்போது கேட்ட விலை 9,50,000 ரூபாய்.

ஓடிய தூரம் குறைவு என்று நண்பர் மகிழ்ந்தார். ஆனால் எஞ்சின் தேய்வது தூரத்தால் மட்டுமா? நெடுஞ்சாலையில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் 60,000 கிலோமீட்டர் ஓடிய எஞ்சின் 1,000 மணி நேரம் உழைத்திருக்கும். நம் நகர நெரிசலில் மணிக்கு 20 கிலோமீட்டராக ஊர்ந்திருந்தால் அதே தூரத்துக்கு 3,000 மணி நேரம்! தூரம் ஒன்று, உழைப்போ மும்மடங்கு. மேலும், மீட்டரில் தெரியும் எண்ணையும் அப்படியே நம்பலாகாது. பல கார்களில் மற்றக் கணிப்பொறிப் பகுதிகளும் தூரத்தைக் குறித்து வைக்கின்றன. ஸ்கேனர் வைத்து ஒப்பிட்டால் திருத்தம் வெளிப்படும்.

நெரிசலில் நிற்கும் காருக்குள் காற்றோட்டம் குறைவு, வெப்பம் மிகுதி. அவ்வெப்பத்தில் கூலன்ட் தொட்டியின் பிளாஸ்டிக் நொறுங்குந்தன்மை அடைகிறது. ரப்பர்க் குழாய்கள் வெடிக்கின்றன. கேஸ்கெட் இறுகி எண்ணெய் கசிகிறது. தொட்டி சிறு பொருள்தான். ஆயின் அது உடைந்தபின்னும் ஓட்டினால் எஞ்சினின் அலுமினியத் தலைப்பகுதி வளைந்துவிடும்.

டீசல் காராயின் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்றுண்டு. சிறிது நேரம் வேகமாக ஓடினால்தான் அதிலுள்ள கரி சூடேறி எரியும். கல்லூரிக்கும் கடைக்குமாகக் குறுந்தொலைவே ஓடும் காரில் அது அடைத்துக்கொள்ளும். தானியங்கிக் கியர்பாக்ஸின் எண்ணெயை மாற்றவே வேண்டியதில்லை என்பாரும் உளர். ஆனால் பல சொகுசுக் கார்களுக்குக் கியர்பாக்ஸ் செய்து தரும் இசட்.எஃப். நிறுவனமோ, 80,000 முதல் 120,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது.

எஞ்சினின் அமைப்பே செலவைக் கூட்டுவதும் உண்டு. உலகறிந்த சான்று பி.எம்.டபிள்யூவின் என்.47 என்னும் டீசல் எஞ்சின், 2007இல் வந்தது. அதன் டைமிங் செயின் எஞ்சினின் பின்புறம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. செயின் தளர்ந்து, காலையில் ஸ்டார்ட் செய்யும்போது கரகரவென ஒலித்தால், அதனை மாற்ற எஞ்சினையோ கியர்பாக்ஸையோ இறக்கியாக வேண்டும். செயினின் விலையைவிட அதனை எட்டுவதற்கான கூலியே பெரிது. கவனியாது விட்டு அறுந்தாலோ எஞ்சினே பாழ். அந்நிறுவனத்தின் கார்கள் 2007 முதல் செங்கற்பட்டுக்கு அருகே நம் மண்ணிலேயே பொருத்தப்படுகின்றன. எனினும் உதிரிகளுள் பல கடல் கடந்தே வருகின்றன.

நண்பர் பார்த்த காருக்கு வருவோம். ஜே.சி. ரோட்டுப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் வேலூர்க்காரர் ஒருவரை உடன் அழைத்துச் சென்றிருந்தோம். காரை ஓட்டியும், அடியில் படுத்தும் பார்த்தபின் அவர் எழுதித் தந்த கணக்கு இது: டயர் நான்கு 90,000, முன்புற சஸ்பென்ஷன் கைகளும் புஷ்களும் 70,000, கூலன்ட் தொட்டி, குழாய், பம்ப் 45,000, கியர்பாக்ஸ் எண்ணெயும் வடிகட்டியும் 40,000, எண்ணெய்க் கசிவு 35,000. ஆக 2,80,000 ரூபாய். காற்றிறங்கினாலும் ஓடும் ரன்ஃபிளாட் டயர்கள் ஆதலால் அவற்றின் விலையே அவ்வளவு என்றார்.

"தம்பி, வண்டிக்குத்தான் விலை இறங்கியிருக்கு, சாமானுக்கு இறங்கலை" என்றார் அவர். அன்று கற்ற பாடம் இதுவே. 2,80,000 என்பது 40 லட்சத்தில் நூற்றுக்கு 7. நண்பர் தரவிருந்த 9,50,000இல் நூற்றுக்கு ஏறத்தாழ 30! முதல் உடைமையாளர்க்குச் சுண்டைக்காயாகத் தோன்றும் செலவு நமக்குச் சுமையாவது இதனால்தான்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். 2022 செப்டம்பர் வெள்ளத்தில் எமலூர்ப் பகுதியில் விலையுயர்ந்த கார்கள் நீரில் மூழ்கியதை நாடறியும். ஆகவே சீட் பெல்ட்டை முழுதும் இழுத்துப் பாருங்கள்; இருக்கையின் அடித்தண்டவாளத்தைத் தடவிப் பாருங்கள். சேறோ துருவோ இருந்தால் திரும்பிவிடுங்கள். வெளிமாநிலப் பதிவுக் காராயின், 12 மாதத்துக்குமேல் இங்கு வைத்திருக்க மறுபதிவு வேண்டும். அதற்குக் கர்நாடகத்தின் ஆயுள் வரி வேறு. அதனையும் விலையோடு கூட்டியே பாருங்கள்.

நண்பர் அன்று வாங்கவில்லை. இரண்டு நாள் என்னோடு பேசவும் இல்லை. மூன்றாம் நாள் அழைத்தார்: "மாடிக்குக் கம்பி வாங்க அப்பாவுக்குப் பணம் அனுப்பிவிட்டேன்" என்றார். பொங்கலுக்கு இருவரும் பஸ்ஸில்தான் சேலம் செல்வோம்.

நண்பர்களே, சொகுசுக் காரை வெறுக்க நான் சொல்லவில்லை. விலையில் மூன்றிலொரு பங்கைப் பழுதுக்கெனத் தனியே எடுத்துவைக்க இயலுமா? இயலுமாயின் வாங்குங்கள். இயலாதெனின், 9,50,000 ரூபாய்க்கு நாம் வாங்குவது 40 லட்ச ரூபாய்க் காரின் செலவையே என்பதை மறவாதீர்கள்.