உளுத்த மரத்தின் முன் நிற்கும் இளம் தச்சனுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நெய்வேலி நகரியத்தில் நீ தனியாகத் தச்சுத் தொழில் தொடங்கியிருக்கிறாய் என்றும், புதுச் சாமான் செய்வதைவிடப் பழைய கட்டிலையும் அலமாரியையும் கதவையும் செப்பனிடும் வேலையையே அதிக விருப்பத்தோடு ஏற்று வருகிறாய் என்றும் கேள்வியுற்று மிகுந்த சந்தோஷம் அடைந்தேன். அந்த வேலையில் உன்னை ஓயாமல் சோதிக்கப்போவது உளுப்பு. கட்டிலின் காலடியில் காலையில் பெருக்கிய இடத்தில் மாலையில் மறுபடியும் மாவு கொட்டியிருக்கிறது என்று உன்னைக் கூப்பிட்டனுப்புகிறவர்கள், நீ வந்தவுடன் ஏதோ ஒரு மருந்தை அடித்துவிட்டுப் போவாய் என்றே எதிர்பார்ப்பார்கள். அந்த எதிர்பார்ப்புக்கு நீ இணங்கிவிடலாகாது என்பதற்காகவே இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

உன் ஊர் வீடுகளிலுள்ள மரச்சாமான்களுக்கு ஒரு பிரத்தியேகமான சரித்திரம் உண்டு. 1956 இல் நிலக்கரி நிறுவனம் அமைந்து, 1957 இல் நேரு அவர்கள் சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்த பிறகு, பல ஜில்லாக்களிலிருந்தும் குடும்பங்கள் வந்து குடியிருப்புகளில் அமர்ந்தன. அவர்களுக்கு மிக அருகில் கிடைத்த நல்ல மரம் பண்ருட்டிப் பக்கத்துப் பலா. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெறுகிறவர் குடியிருப்பைக் காலி செய்யும்போது, கட்டிலும் பீரோவும் லாரியில் ஏறி வேறொரு வீட்டுக்குப் போகின்றன, அல்லது பக்கத்து வட்டத்தில் ஒருவருக்கு விலையாகின்றன. சுரங்கத்துக்கு நிலம் கொடுத்துவிட்டு வந்த கிராமத்தார் பெயர்த்துக்கொண்டு வந்த நிலைகளும் தூண்களும் வேறு இருக்கின்றன. இவற்றுக்கெல்லாம் மேலாக, 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையேறியபோது கடலூர் ஜில்லாவெங்கும் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்ததை நீ சிறுவயதில் கண்டிருப்பாய். அப்படிச் சாய்ந்த மரத்தை உலர்த்தப் பொறுமையின்றி அறுத்துச் செய்த சாமான் உன் கைக்கு வருமானால், அதன் உடம்பில் ஓரத்து வெள்ளைப் பகுதி எவ்வளவு என்பதை முதலில் பார். ஆகையால் மரத்தைத் தொடுவதற்கு முன் வீட்டாரிடம் உட்கார்ந்து, இது எங்கே வாங்கியது, எப்போது செய்தது, எந்த வீட்டிலிருந்து வந்தது என்று நிதானமாக விசாரி. வைத்தியன் நோயாளியின் பூர்வோத்தரத்தைக் கேட்பதுபோல் கேட்டால், பாதி நோய்நிதானம் அங்கேயே கிடைத்துவிடும்.

மீதிப் பாதி அந்தத் தூளில் இருக்கிறது. அதை ஊதித் தள்ளிவிடாதே. ஒரு கறுப்புக் காகிதத்தில் ஏந்தி, வெளிச்சத்தில் வைத்து, இரண்டு விரலால் தேய்த்துப் பார். முகப்பவுடர் போல விரலில் ஒட்டும் நுண்ணிய மாவாக இருந்து, மரத்தில் ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டர் அகலத்தில் வட்டத் துளைகள் காணப்பட்டால், அது சிறிய உளுவண்டின் வேலை. துளை மூன்று மில்லிமீட்டரும் அதற்கு மேலுமாக இருந்தால், அதே இயல்புள்ள பெரிய துளைப்பான் வண்டுகளைச் சந்தேகிக்கலாம். மூங்கிலையும் முருங்கைபோன்ற மெல்லிய மரங்களையும் அவை அதிகம் நாடும். தேய்க்கும்போது மாவாக இராமல் கசகசா மணிகளைப் போல உருண்டு ஓடுமானால், வண்டே அங்கு இல்லை. உலர்ந்த மரத்துக்குள்ளேயே குடும்பம் நடத்தும் கரையான் ஒன்று உண்டு. அது வெளியே தள்ளும் எச்சமே அந்த மணிகள். பூதக்கண்ணாடியில் ஒவ்வொரு மணிக்கும் ஆறு பட்டை தெரியும். தூளே இல்லாமல், சுவரோரமாக மண் பூசிய வழி ஏறி வந்திருந்தால், நிலத்திலிருந்து ஈரத்தைத் தேடி வந்த செல் அது. அதற்கு மருந்து கட்டிலில் அல்ல, கசிகிற குளியலறைச் சுவரிலும் தரையிலுமே இருக்கிறது. விரல் நுழையும் அளவுக்குப் பெரிய துளை ஒன்றிரண்டு மட்டும் உத்தரத்திலோ ஜன்னல் சட்டத்திலோ தெரிந்தால், அது கூடு கட்டும் கருவண்டு.

இன்னொன்றையும் அறிந்துகொள். ஊசி முனை அளவான துளைகள் நிறைய இருந்து, அவற்றின் ஓரம் கறுத்து, தூளே கொட்டாமல் இருக்குமானால், மரம் பச்சையாகக் கிடந்த நாளில் அதற்குள் புகுந்து, உலர்ந்தவுடன் மடிந்துபோன பூச்சியின் தழும்புகள் அவை. அந்தப் பூச்சி உலர்ந்த மரத்தில் ஜீவிக்கமாட்டாது. அந்த வீட்டில் விஷம் தெளித்துக் கூலி வாங்குவது அநியாயம்.

உளுவண்டு மரத்தில் எதைத் தேடி வருகிறது என்பதை நீ நன்கு மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். புழு தின்பது வெள்ளைப் பகுதியில் மரம் சேமித்து வைத்த மாச்சத்தை. நடுவிலுள்ள வைரத்தில் அது இல்லை. ஆகவே தேக்கிலும் பலாவிலும் வைரத்தை விட்டுவிட்டு, ஓரத்து வெள்ளையை மாத்திரம் மாவாக்கிவிட்டு நிற்கும். மா, இலவு, ரப்பர் முதலிய மரங்களில் வைரம் என்று தனியே ஒன்று தெளிவாக இராததால், பலகை முழுவதுமே அதற்கு விருந்தாகிறது. பனையில் நிலைமை தலைகீழ்: அதன் வலிமை புறத்தில், மென்மை அகத்தில், பனங்கைகளைச் சோதிக்கும்போது உட்பக்கத்தைக் குத்திப் பார். தாய் வண்டு மரத்தின் நுண்துளைகளுக்குள் முட்டையிடுகிறது. வார்னிஷ் பூசிய முகத்தில் அதற்கு வழி கிடைப்பதில்லை. பூசாத அடிப்பக்கமும், அலமாரியின் முதுகும், இழுப்பறையின் உட்புறமும் அதற்குத் திறந்த வாசல்கள். முன்பக்கத்தில் கண்ணாடிபோல் பாலிஷ் செய்துவிட்டுப் பின்பக்கத்தைப் பச்சையாக விடும் வழக்கத்தை நீ கைவிடவேண்டும் என்று உன்னை வேண்டிக்கொள்கிறேன்.

பிளைவுட் விஷயத்தில் ஜனங்கள் மயங்குகிறார்கள். கொதிநீரையும் தாங்கும் என்று எழுதியிருப்பது அதன் பசையின் வலிமையைச் சொல்வதே. பூச்சிக்கு மருந்திட்டதா என்பது தனியாகக் கேட்டறியவேண்டிய விஷயம்.

துளையைக் கண்டதும் உள்ளே பூச்சி இருக்கிறதென்று முடிவு செய்துவிடாதே. துளை என்பது வண்டு வளர்ந்து வெளியேறிய வாசல். பத்து ஆண்டுகளுக்கு முன் வெளியேறியிருக்கலாம். பழைய தூள் கட்டில் அசையும்போதெல்லாம் உதிரவும் செய்யும். ஆகவே துளைகளைச் சுத்தமாகத் துடைத்து, மெழுகால் அடைத்து, பென்சிலால் சுற்றி வட்டமிட்டு, அடியில் ஒரு காகிதத்தை விரித்துவிட்டு, சில வாரங்கள் காத்திரு. சித்திரை, வைகாசி வெப்பத்தில் இந்தப் பரீட்சை விரைவில் விடை சொல்லும். மெழுகைத் துளைத்தோ, புதிய இடத்திலோ துளை தோன்றினால்தான் ஔஷதம். வீட்டார் அவசரப்படுவார்கள், அந்த அவசரத்துக்குப் பணிந்து நீ கொட்டும் விஷத்தின் மேல்தான் அவர்கள் குழந்தை படுத்துறங்கும் என்பதை மறவாதே.

ஔஷதங்களில் என் முதல் மதிப்பு வெண்காரத்துக்கும் போரிக் அமிலத்துக்கும். 10 லிட்டர் வெந்நீரில் 600 கிராம் வெண்காரமும் 400 கிராம் போரிக் அமிலமும் கரைத்து, பாலிஷை உப்புத்தாளால் முற்றிலும் நீக்கிய மரத்தில், ஒரு பூச்சு ஊறியபின் மறு பூச்சாகத் தூரிகையால் ஏற்று. துளைகளுக்குள் ஊசிக்குழலால் செலுத்து. ஈரமான மரத்தில் இது தானாகவே உள்ளே பரவும். நன்கு உலர்ந்த மரத்தில் மேல்பகுதியோடு நின்றுவிடும். மழை பட்டால் கரைந்து போய்விடும், ஆதலால் வீட்டுக்குள் இருக்கும் மரத்துக்கே ஏற்றது. கரைசலைக் குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வை. வாசலுக்கு வெளியே நிற்கும் மரத்துக்கு உன் ஊர்ப்பக்கத்திலேயே முந்திரிக்கொட்டை எண்ணெய் இருக்கிறது. படகுக்கும் கூரை மரத்துக்கும் நம் முன்னோர் பூசியது அதுதான். தோலைப் பொத்துப்போகச் செய்யும் காரம் அதற்கு உண்டு, கையுறை இன்றித் தொடாதே. மண்ணெண்ணெய் பட்ட புழுவைக் கொல்லலாம், படாததைக் கொல்லாது; ஆவியாகிப் போனபின் காவலும் இல்லை, தீ அபாயம் மாத்திரம் மிச்சம். வெயிலுக்குச் சக்தி உண்டு: மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி வெப்பம் அரைமணி நேரம் நிற்கவேண்டும் என்பது ஏற்றுமதிப் பெட்டி மரங்களுக்கு உலக நாடுகள் வகுத்துள்ள விதி. கறுப்புத் தாளால் மூடி அக்கினி நட்சத்திர வெயிலில் வைத்த மெல்லிய பலகையில் அந்தச் சூடு ஏறக்கூடும். தடித்த கட்டில் காலின் நடுவுக்கு அது எட்டாது.

கொடிய விஷங்களைப் பற்றி ஒரு வரலாற்றைச் சொல்லவேண்டும். பீகாரிலுள்ள பூசாவில் அரசாங்கப் பூச்சியியல் அறிஞராக இருந்து, 1909 இல் இந்தியப் பூச்சிகளைப் பற்றிப் பெரிய நூல் வெளியிட்ட மாக்ஸ்வெல் லெஃப்ராய் என்பவர், பின்னர் லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தின் பழம்பெரும் ஓக் கூரையை அரித்த வண்டை ஒழிக்க மருந்து கண்டார். அவ்வளவு பெரிய நிபுணர், 1925 இல் தம்முடைய ஆய்வுக்கூடத்தில் விஷவாயுவைப் பரீட்சிக்கையில் அதற்கே பலியானார். நம் நாட்டில் 1933 இல் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் சொந்தி காமேசம் கண்டுபிடித்த தாமிர ஆர்செனிக் மருந்து, மின்கம்பங்களையும் ரயில்பாதைக் கட்டைகளையும் காத்து உலகெங்கும் புகழ்பெற்றது. ஆர்செனிக் கலந்த அது படுக்கையறைக்கு உரியதன்று. லிண்டேன் என்னும் பூச்சிக்கொல்லி நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. பழைய மேஸ்திரி எவரேனும் பரணிலிருந்து அந்தப் பொடியை எடுத்துக் கொடுத்தால் வாங்காதே. அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை, மூடிய அறையில் ஓர் இரவு வைத்தால் போதும் என்று யார் சொன்னாலும், உன் கையால் எந்த வீட்டிலும் வைக்காதே. அதிலிருந்து எழும் வாயு சந்து வழியே பக்கத்து வீட்டுக்கும் போய் உயிரைக் குடிக்கும். வீடு முழுதும் பூச்சி என்றால், உரிமம் பெற்றவர்களை அழைக்கும்படி சொல்லிவிட்டு விலகி நில்.

சுமை தாங்கும் மரமானால் உளியால் குத்திப் பார். உளி தடையின்றி இறங்கும் இடத்தை மருந்தால் மீட்கமுடியாது, அதை வெட்டி வைரம் பாய்ந்த துண்டை ஒட்டுப்போடு. கட்டில் சட்டம் முழுவதும் வெள்ளையாகவே இருந்து மாவாகியிருந்தால், வீட்டாருக்கு மனம் நோகுமே என்று தயங்காமல் உண்மையைச் சொல். கழித்த கட்டையை உன் பட்டறை ஓரத்தில் சேர்த்து வைக்காமல் அன்றைக்கே எரித்துவிடு. புதுமரம் வாங்கும்போது வெள்ளையைக் கழித்து அளந்து வாங்கு. கழிக்க இயலாத மூங்கிலையும் சில்லறை மரங்களையும் குளத்திலோ தொட்டியிலோ சில வாரம் ஊறவைத்து, மாச்சத்துக் கரைந்து தண்ணீர் நாற்றமெடுத்தபின் எடுத்து நிழலில் உலர்த்து. கூலியைப் பேசும்போது, மருந்துக்கு இவ்வளவு, காத்திருந்து மறுமுறை வந்து பார்ப்பதற்கு இவ்வளவு என்று பிரித்துச் சொல். அந்த மறுவருகைக்கு இரண்டு கோடைகள் தவறாமல் போ.

உன் நலம் நாடும்,
ஒரு மூத்த தச்சன்